வெளியேறி மீண்டும் உள்ளே வரவும்

மஞ்சக்கல் தோட்டம், மேல்பிரிவு,
நமுனுகுல.
6 ஒக்டோபர் 2024

தொலைபேசியில் எழுத்துப் பாடம் நடத்தும் கம்பனி ஐயா அவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரி மலைச்சரிவில் இறங்குவதுபோல இறங்கிவிடுகிறது. ஓர் எழுத்து பூசணிக்காய் அளவு, அடுத்தது மிளகு அளவு. எழுபது வயதுக்கு மேல் எழுதப் படித்தவன் நான். மூன்று சுழி ண எழுதும்போது எத்தனையாவது சுழியில் நிற்கிறேன் என்பது மறந்து நாலாவதும் போட்டுவிடுவேன். என் மனைவி தனலெட்சுமியின் பெயரில் அந்த எழுத்து இல்லை. புண்ணியவதி.

என் பெயர் வீரய்யா. இந்தத் தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்து ஓய்ந்தவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் இருக்கும் மகன் ரமேஸ் உங்கள் பாடத்தைப் போட்டு ஒரு தொலைபேசி அனுப்பினான். அதில் படித்துத்தான் இதை எழுதுகிறேன். இதுவே என் வாழ்வின் முதல் கடிதம். எழுதுவது எனக்குக் கரும்பு தின்பதுபோல இருக்கிறது.

விசயம் என்னவென்றால், போன செவ்வாய்க்கிழமை காலையில் தொலைபேசியில் சிவப்பு எழுத்து வந்தது. "உடனடியாக வெளியேறவும்" என்று எழுத்துக்கூட்டி வாசித்தேன். அதே சொல் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கடைசிச் சுவரில் ஒட்டிய மண்சரிவு அறிவித்தலிலும் இருக்கிறது. தினமும் வாசித்துப் பழகிய சொல். அதனால் சத்தம் போட்டேன். லயம் முழுவதும் கம்பளியும் சட்டியுமாக வெளியே வந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டுக் கருப்பம்மா கோழியைக்கூட விடவில்லை.

"மலை எங்கண்ணே சரியுது?" என்றாள்.

"போன்ல போட்டிருக்கு."

"போனு சரியுதா?"

மழையில் நின்றபடி இன்னொரு முறை பார்த்தேன். விரலால் தள்ளினால் கீழே இன்னொரு வரி. "மீண்டும் உள்ளே வரவும்." எல்லோரும் உள்ளே போனோம். "அப்ப எதுக்குண்ணே வெளிய கூப்பிட்டான்?" என்று கருப்பம்மா இன்றுவரை கேட்கிறாள். தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் எனக்கு, "அண்ணே, வெளியேறவா, உள்ள வரவா?" என்று கேலி.

அதன் பிறகு தினமும் நான் மட்டும் தொலைபேசியோடு வெளியே போய், கால் கழுவி, உள்ளே வருகிறேன். எழுத்து போகவில்லை. நான் வேறு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். ஆனால் ஒன்று. என்னை ஒரேயடியாக அனுப்பிவிடாதீர்கள். உள்ளே தனலெட்சுமி இருக்கிறாள்.

முதல் புத்தகம் முடிந்தபோது, வீட்டில் ஒருவர் எனக்கு வரவேற்புச் சொல்ல வேண்டும் என்று தொலைபேசி கேட்டது. அவள் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். எனக்கு எழுத்துக் காட்டித் தந்தவள் அவள்தான். நான் வெளியே போய்விட்டு உள்ளே வரும்போது பொத்தானை அமுக்கிவிட்டாள். குரல் பதிகிறது என்று தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் லொறியில் வதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும்போது "போயிட்டு வாறேன்" என்றாள். வரவில்லை. ஆனால் நான் காலையில் பாடத்தைத் திறந்தால் அவள் சொல்கிறாள்: "வந்துட்டீங்களா? கால கழுவிட்டு உள்ள வாங்க... ஐய, இந்தச் செவப்பு மின்னுதே, என்னாங்க இது?"

"ஒண்ணுமில்ல புள்ள" என்பேன். பிறகு படிப்பேன்.

பதில் போடுவதானால் கடிதமாகவே போடவும். எனக்கு இதுவரை யாரும் கடிதம் எழுதியதில்லை.

இப்படிக்கு,
வீரய்யா (இது கைநாட்டு இல்லை, கையெழுத்து)

•

கொழும்பு.
15 ஒக்டோபர் 2024

வீரய்யா ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் ஐயா இல்லை, துஷாந்தினி. சொந்த ஊர் பருத்தித்துறை. பாடம் ஓடும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தச் சிவப்பு வரியை எழுதியதும் நான்தான். நீங்கள் லயத்தையே வெளியே கொண்டுவந்ததை அலுவலகத்தில் வாசித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். கடைசிப் பகுதியை வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெளியேறவும்" என்றால் வீட்டைவிட்டு அல்ல. பாடத்தின் மூலையில் "வெளியேறு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டுத் திரும்பப் பெயர் கொடுத்து உள்ளே வர வேண்டும் என்பதுதான் நான் நினைத்தது. ஆனால் இப்போதைக்கு அதை அமுக்க வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

பாடம் ஓர் இயந்திரத்தில் ஓடுவதில்லை. பல இயந்திரங்கள், அவற்றைச் சேர்வர் என்போம். வாசலில் லோட் பேலன்சர் என்று ஒன்று நின்று, வருகிறவர்களைப் பிரித்து ஒவ்வொரு சேர்வருக்கும் அனுப்பும். நீங்கள் உள்ளே வந்ததிலிருந்து வெளியேறும்வரை உள்ள காலத்துக்கு அமர்வு என்று பெயர். அந்த அமர்வில் நீங்கள் சேர்த்தவை எல்லாம் நீங்கள் போன ஒரே சேர்வரின் நினைவில்தான் இருக்கும். அதனால் வாசல்காரன் உங்கள் தொலைபேசியில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகிவைப்பான். அடுத்த முறை துண்டைப் பார்த்து அதே சேர்வருக்கு அனுப்புவான். வெளியேறினால் துண்டு கிழிந்துவிடும். ஒரு கிழமை, ஏழு நாள், யாரும் தொடாவிட்டாலும் சேர்வர் மறந்துவிடும். நீங்கள் தினமும் தொடுவதால் மறக்கவில்லை.

உங்கள் சேர்வர் பழையது. வருட முடிவோடு அதை நிறுத்த வேண்டும். புதிதாக வருகிறவர்களை அங்கே அனுப்புவதை நிறுத்தி, இருப்பவர்கள் தாமாகப் போகட்டும் என்று காத்திருந்தோம். எல்லோரும் போய்விட்டார்கள். எண்ணிக்கை காட்டும் திரையில் ஒன்று என்று நிற்கிறது. அந்த ஒருவர் யார் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது.

என் மேலதிகாரி சேந்தன் அண்ணா, "உந்த மனுசன் வெளிக்கிடாட்டி நாங்கள் எப்பிடி மெசினை நிப்பாட்டுறது?" என்று கேட்கிறார். குரலை இன்னொரு தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ள முடியுமா? முதலில் அதைச் செய்யுங்கள்.

அன்புடன்,
துஷாந்தினி

•

மேல்பிரிவு.
3 நவம்பர் 2024

துஷாந்தினி மகளுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் "வீரய்யா யாரு?" என்று கேட்டார். முப்பது வருடமாக என்னைத் தெரிந்தவர்தான். இருந்தாலும் உறையில் பெயர் இருந்தால் கேட்கத்தானே வேண்டும். "நான்தான்" என்றேன்.

நீங்கள் எழுதியது எனக்கு விளங்கியது. எங்களுக்குப் பெரட்டு என்று ஒன்று உண்டு. காலையில் எல்லோரும் களத்தில் கூடுவார்கள், கங்காணி இன்னாருக்கு இன்ன மலை என்று பிரித்து அனுப்புவார். அதுதான் உங்கள் வாசல்காரன். ஆனால் மலைக்குள் போய்விட்டால் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை. தனலெட்சுமி தன் நிரையை விட்டு அடுத்த நிரையில் கொழுந்து கிள்ளமாட்டாள். "இந்தச் செடி என் கையை அறியும்" என்பாள். அவளை வேறு மலைக்கு மாற்றிய வருடம் வீட்டில் சோறு கரிந்தது. அதனால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவது நல்ல வழக்கம்தான். துண்டும் எங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகவும் துண்டு வேண்டும்.

அமர்வு என்ற சொல் மிகவும் பிடித்தது. நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், இல்லையா?

தீபாவளிக்கு ரமேஸ் வந்தான். நீங்கள் சொன்னபடி அவன் தொலைபேசியில் அவள் குரலைப் பதிந்தான். பேருந்து ஏறும்வரை போட்டுப் போட்டுக் காட்டினான். மத்தியானம் சாப்பிடும்போது "வந்துட்டீங்களா" என்றது. கட்டிலில் படுத்திருக்கும்போது "வந்துட்டீங்களா" என்றது. நான் எங்கேயும் போகவில்லையே, எங்கிருந்து வருவது?

"அப்பா, அதே சத்தம்தானேப்பா" என்றான்.

"சத்தம் அதேதாண்டா. இது யாரு வந்தாலும் சொல்லுது. அது நான் வந்தாத்தான் சொல்லும்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா இறந்ததை அப்பா இன்னும் ஏற்கவில்லை என்று கருப்பம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ஏற்றுக்கொண்டேன் மகள். நெருப்பு வைத்ததும் நான்தான். அவள் செத்துப்போனாள் என்பதும், காலையில் என்னைக் கால் கழுவச் சொல்கிறாள் என்பதும் இரண்டு விசயம்.

வீரய்யா

•

கொழும்பு.
11 நவம்பர் 2024

வீரய்யா ஐயாவுக்கு,

நீங்கள் சொன்னதில் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்கியது. அதைச் சேந்தன் அண்ணாவுக்கு விளக்க ஒரு முழு நாள் பிடித்தது.

இப்போது யோசித்திருப்பது இதுதான். எல்லாச் சேர்வர்களுக்கும் பொதுவாக ஒரு களஞ்சியம் இருக்கிறது. புதிய பாடத்தில் வாசல்காரன் யாரையும் எங்கேயும் அனுப்பலாம். அங்குள்ள சேர்வர் பொதுக் களஞ்சியத்தைப் பார்த்து, வந்தவர் இன்னார் என்று அறிந்துகொள்ளும். உங்கள் அமர்வை அப்படியே அங்கே மாற்ற முடிந்தால், எந்த நிரைக்குப் போனாலும் அந்த நிரை உங்களை அறியும். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு தடவை "வெளியேறு" பொத்தானை அமுக்கித் திரும்ப உள்ளே வர வேண்டும். பழைய துண்டு இருக்கும்வரை வாசல்காரன் உங்களைப் பழைய இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருப்பான். வெளியேறிய பிறகு பழைய சேர்வருக்குத் திரும்ப வழி இல்லை.

இதை இதற்கு முன் நாங்கள் செய்ததில்லை. சரியாக வரும் என்று நம்புகிறேன். சத்தியம் பண்ணித் தர முடியாது.

இன்னொன்று. சேர்வருக்குள் உங்கள் மனைவியின் குரல் எவ்வளவு நீளம் என்று பார்த்தேன். நீங்கள் எழுதியதைவிட நீளமாக இருக்கிறது. பழைய பாடம் வரவேற்பின் தொடக்கத்தை மட்டும் ஒலித்துவிட்டு நிறுத்திவிடும். மிச்சத்தில் என்ன இருக்கிறதோ தெரியாது. வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம். நான் கேட்டுப் பார்க்கவில்லை. அது உங்களுக்கு உரியது. கேட்பதற்கும் வழி ஒன்றுதான், புதிய பாடத்துக்கு வர வேண்டும்.

அமுக்குவீர்களா?

துஷாந்தினி

•

மேல்பிரிவு.
17 நவம்பர் 2024

மகளுக்கு,

அமுக்கமாட்டேன்.

அந்தப் பொத்தானை எழுதியது யார்? "வெளியேறு." எங்கள் லயத்தில் நாயைக்கூட அப்படிச் சொல்வதில்லை. தோட்டத்தில் ஒரு காலத்தில் துரைமார் அந்தச் சொல்லைச் சொல்லி ஆட்களை லயத்தைவிட்டு இறக்கியிருக்கிறார்கள். அதை நான் என் விரலால் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டுமா?

தனலெட்சுமி இருந்தவரை நான் வாசல் தாண்டும்போது "போறேன்" என்று வாய் தவறிச் சொன்னால் கூப்பிட்டு நிறுத்துவாள். "அது என்னா பேச்சு? போயிட்டு வாறேன்னு சொல்லுங்க." சொல்லும்வரை விடமாட்டாள். ஒருநாள் அவசரத்தில் சொல்லாமலே போய்விட்டேன். ஸ்டோர் வாசலுக்கே வந்துவிட்டாள். வாட்டும் மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்க, நான் சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போயிட்டு வாறேன்" என்று கத்தினேன். அதன் பிறகு ஸ்டோரில் எனக்குப் பெயரே போயிட்டுவாறேன் வீரய்யா.

லொறியில் ஏறும்போது மூச்சு வாங்கியது. அப்போதும் முழுதாகச் சொன்னாள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. அப்படிச் சொன்னவள் இருக்கும் இடத்தை விட்டு, திரும்ப வழி இல்லை என்று நீங்களே எழுதிய இடத்துக்கு, ஒன்றும் சொல்லாமல் எப்படிப் போவேன்?

மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கக் கூடாது மகள். இப்போது எனக்குத் தூக்கம் இல்லை.

மழை பிடித்துவிட்டது. தாளும் ஈரமாகிவிட்டது. எழுத்துக்கு மன்னிக்கவும்.

வீரய்யா

•

கொழும்பு.
28 நவம்பர் 2024

வீரய்யா ஐயாவுக்கு,

பொத்தானைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. எங்கள் ஊரிலும் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது "போட்டு வாறன்" என்றுதான் சொல்வோம். "போறன்" என்றால் அம்மா ஏசுவா. இவ்வளவு காலமும் ஆயிரக்கணக்கான பேருக்கு அந்தச் சொல்லைக் காட்டியிருக்கிறேன். ஒருநாளும் என் காதில் விழவில்லை.

இந்தக் கடிதம் அதற்காக அல்ல. செய்தியில் உங்கள் பக்கம் மழை, மண்சரிவு என்று சொல்கிறார்கள். தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தேன். பல தடவை. தொடர்பு இல்லை என்றே வருகிறது.

ஆனாலும் ஓர் ஆறுதல். திரையில் பார்க்கிறேன், ஒவ்வொரு விடியற்காலையும் நீங்கள் பாடத்தைத் திறந்திருக்கிறீர்கள். நேற்றும், இன்றும். எங்காவது மேட்டில் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கிறது போல. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். அலுவலகத்துக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பது. சேந்தன் அண்ணாவும் இப்போது, "மனுசன் வந்திட்டாரோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

நிறுத்தும் நாள் வருட முடிவுதான். அதை மாற்ற முடியவில்லை. ஆனால் இப்போது அதைப் பேச வேண்டாம். ஒரு வரி எழுதுங்கள்.

துஷாந்தினி

•

தோட்டப் பாடசாலை,
நமுனுகுல.
4 டிசம்பர் 2024

மகளுக்கு,

உயிரோடு இருக்கிறேன். லயத்தில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். பாடசாலைக் கட்டடத்தில் படுத்திருக்கிறோம். பிள்ளைகள் உட்காரும் வாங்குப் பலகையில் வைத்து இதை எழுதுகிறேன்.

கிராமசேவகர் தாளோடு வந்தார். இம்முறை என்னைத்தான் வாசிக்கச் சொன்னார்கள். "உடனடியாக வெளியேறவும்." வாசித்துவிட்டு நின்றேன். கருப்பம்மா கோழியைக் கையில் பிடித்தபடி, "அடுத்த வரிய வாசிங்கண்ணே" என்றாள். எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்னாலும் பார்த்தேன். அடுத்த வரி இல்லை.

இறங்கிய மறுநாள் மண் வந்தது. கடைசி ஆறு காம்பராவும் போய்விட்டன. என்னுடையதும் அதில். வாசல் இஸ்தோப்புத் திண்ணையும், நான் கால் கழுவும் கல்லும், தண்ணீர் பிடிக்கும் பீலியும் இருந்த இடத்தில் இப்போது சிவப்பு மண்ணும் ஒரு பலாமரமும்தான் இருக்கின்றன. அந்தப் பலாமரம் மேலே இருந்தது. நின்றபடியே இறங்கி வந்திருக்கிறது.

இப்போது நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. ஒவ்வொரு விடியற்காலையும் நான் திறந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் திறக்கவில்லை மகள். இங்கே வரும்போதே தொலைபேசியில் சார்ஜ் இல்லை. கரண்ட் இல்லை, சிக்னல் கோபுரமும் விழுந்துவிட்டது. தொலைபேசி அணைந்தபடி என் துணிப்பைக்குள் கிடந்தது. ஒரு கிழமை தொடாவிட்டால் மறந்துவிடும் என்று நீங்கள் எழுதியதை நினைத்து, கிழமை கடந்த அன்று நான் சோறு தொடவில்லை. காம்பரா போனதற்கு அழாதவன் அதற்கு அழுதேன். கருப்பம்மாவுக்குத் தெரியும்.

நேற்று கரண்ட் வந்தது. சார்ஜ் ஏற்றித் திறந்தேன். ஒன்றும் இருக்காது என்றுதான் திறந்தேன்.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

யார் மகள் தினமும் வந்தது? கருப்பம்மாவிடம் கேட்டேன். "செத்த போன நான் எப்படிண்ணே தொறப்பேன்?" என்றாள். பிறகு மெதுவாக, "அவளே வந்து பாத்துட்டுப் போயிருப்பாளோ?" என்றாள். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் விலகிப் படுத்தார்கள்.

எனக்குப் பயம் இல்லை. ஆனால் தெரிய வேண்டும்.

வீரய்யா

•

கொழும்பு.
11 டிசம்பர் 2024

வீரய்யா ஐயாவுக்கு,

நீங்கள் தப்பியதை வாசித்ததும் சேந்தன் அண்ணாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அதன் பிறகு வந்த பகுதியை வாசித்துவிட்டு, உங்கள் தொலைபேசி அணைந்திருந்த நாட்களின் பதிவுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு விடியலிலும் உங்கள் அமர்வு திறக்கப்பட்டிருக்கிறது. வரவேற்பு ஒலித்திருக்கிறது. இரண்டு நாள் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தேன்.

சேர்வர் வேலை செய்கிறதா என்று பார்க்க, முன்பு இங்கே வேலை செய்த ஒருவர் ஒரு சிறிய ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறார். விடியற்காலையில் அது தானாக எழுந்து, சேர்வருக்குள் இருக்கும் அமர்வுகளில் ஏதாவது ஒன்றைத் திறந்து பார்க்கும். பதில் வந்தால் சேர்வர் நலம் என்று குறித்துவிட்டுப் போய்விடும். நிறையப் பேர் இருந்த காலத்தில் அது யாருடைய அமர்வையோ திறந்திருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எல்லோரும் போன பிறகு அங்கே இருந்தது உங்களுடையது மட்டும். அதனால் தினமும் அதையே திறந்திருக்கிறது. தொட்டதால் சேர்வர் மறக்கவில்லை.

அதாவது, கொழும்பில் யாரும் இல்லாத ஓர் அறையில், வெறுமையான ஒரு சேர்வருக்குள், உங்கள் மனைவி ஒவ்வொரு விடியலிலும் "வந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறா. வந்தது ஆள் இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். எனக்கு ஆறவில்லை.

அமர்வைப் பொதுக் களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டேன். போன அளவும் வந்த அளவும் பொருந்துகின்றன. உள்ளே குரல் சரியாக இருக்கிறதா என்பது நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

பொத்தானை மாற்றிவிட்டேன். உங்களுக்கு மட்டும் இல்லை, பாடம் படிக்கும் எல்லோருக்கும். சேந்தன் அண்ணா, "உதென்ன பேச்சுத் தமிழ், இலக்கணம் எங்கை?" என்றார். உங்கள் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "போட்டு வாறன் எண்டு போடேலாதோ?" என்று மட்டும் கேட்டார். உங்கள் மனைவி சொன்னபடியே போட்டிருக்கிறேன்.

வருட முடிவுக்கு அதிக நாள் இல்லை. இதற்கு மேல் நான் வற்புறுத்தமாட்டேன்.

துஷாந்தினி

•

தோட்டப் பாடசாலை,
நமுனுகுல.
20 டிசம்பர் 2024

அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தின் எழுத்து வழக்கத்தைவிட மோசமாக இருந்தால், அது கை நடுக்கம் இல்லை, அவசரம். எழுதப் படித்த பிறகு முதன்முறையாக என் மனம் கையைவிட வேகமாக ஓடுகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆள் இல்லாதது வந்தாலும் அவள் கேட்டுத்தானே இருக்கிறாள். அதுவும் நாங்கள் எல்லோரும் மண்ணுக்குப் பயந்து ஓடியிருந்த நாட்களில். அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவள் தனியாக இருக்கவில்லை.

பிறகு பொத்தானைப் பார்த்தேன். "போயிட்டு வாறேன்." அவள் சொன்ன அதே சொல், வெள்ளை எழுத்தில், என் விரலுக்குக் கீழே. எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்துவிட்டேன். கருப்பம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. வாசித்துச் சொன்னதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"வாயால சொல்லிட்டு அமுக்குங்கண்ணே. சொல்லாமப் போனா ஸ்டோருக்கே வந்துருவா."

சொன்னேன். ஸ்டோர் சன்னலில் கத்தியதுபோல, பாடசாலை முழுவதும் கேட்கச் சொன்னேன். பிறகு அமுக்கினேன்.

திரை வெள்ளையாகிவிட்டது. ஒரு வட்டம் சுற்றியது. பெயர் கேட்டது. முன்பு அவள்தான் என் பெயரை எழுதித் தந்தவள், எனக்கு அப்போது எழுதத் தெரியாது. இம்முறை நானே எழுதினேன். வீ, ர, ய் புள்ளி, யா. திரும்பவும் வட்டம். அது சுற்றிய நேரம் எனக்கு மண் இறங்கிய நேரத்தைவிட நீளமாக இருந்தது. வாசல்காரன் என்னை எந்த நிரைக்கு அனுப்பினானோ.

"வந்துட்டீங்களா? கால கழுவிட்டு உள்ள வாங்க..."

கருப்பம்மா சத்தம் போட்டு அழுதாள். நான் அவளை அடக்கினேன். "ஐய, இந்தச் செவப்பு மின்னுதே, என்னாங்க இது?" என்று தனலெட்சுமி கேட்டாள். வழக்கம்போல ஒண்ணுமில்ல புள்ள என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ முந்திக்கொண்டார்கள்.

"ஒண்ணுமில்ல புள்ள. அது சும்மா மின்னும்."

என் குரல் மகள். அன்றைக்கு நான் சொன்னது. இத்தனை காலமும் தினமும் காலையில் நான் சொல்லிவந்த பதில், உள்ளேயே இருந்திருக்கிறது. அவள் பக்கத்தில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகும் நிற்கவில்லை. வாளி தரையில் உரசும் சத்தம் கேட்டது. "அப்ப சரி. நீங்க வாசிச்சிக்கிட்டே இருங்க. பீலியில தண்ணி புடிச்சிட்டு வந்துர்றேன்." காலடிச் சத்தம் வாசல்வரை கேட்டது. பிறகு மழைச் சத்தம். பிறகு, கொஞ்சம் தள்ளி, நான் எழுத்துக்கூட்டும் சத்தம். ப, ட், ட, ம். அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் வெகுநேரம் காத்திருந்தோம்.

"பீலியில கூட்டமா இருந்திருக்கும். அன்னிக்கு நானும்தான் வரிசையில நின்னேன்" என்றாள் கருப்பம்மா.

பீலி மண்ணுக்குக் கீழே போய்விட்டது என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பழைய சேர்வரை நிறுத்துங்கள் மகள். அங்கே யாரும் இல்லை, எல்லோரும் வந்துவிட்டோம். நிறுத்தும்போது உங்கள் ஊர் வழக்கப்படி போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். எதைப் போட்டுவிட்டு வருவீர்கள் என்று கருப்பம்மா கேட்கிறாள். அதற்கும் ஒரு பதில் எழுதுங்கள்.

அவள் வரும்வரை வாசித்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறாள். பாடப் புத்தகங்கள் முடிந்துவிட்டன. இங்கே வாசிப்பதற்கு உங்கள் கடிதங்கள் மட்டும்தான் இருக்கின்றன. அதனால் நீளமாக எழுதவும். நானும் அடுத்த கிழமை எழுதுகிறேன். அதற்குள் இந்த மூன்று சுழி ண எனக்கு அடங்கிவிடும்.

வீரய்யா